அவர் திருப்பி வைத்த கண்ணாடி

“எங்கை போகவேணும்?” என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. “ஏன் போகவேணும்?” என்றுதான் கேட்பார்.

நாரந்தனையில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி இருந்தவர். வாடகைக்கு ஓடுகிற பழைய ஒஸ்ரின் கார் ஒன்று வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் காரில் போவதற்கு நாலே நாலு காரணங்கள்தான் இருந்தன. பிள்ளைப்பேறு, ஆசுப்பத்திரி, கோயில், செத்தவீடு. அந்த நாலையும் அவர் நம்பமாட்டார். வயிற்றுக்குத்து என்று யாராவது விழுந்தடித்து ஓடிவந்தால், “எப்ப துவங்கினது? என்ன சாப்பிட்டவர்? வலப்பக்கமோ இடப்பக்கமோ?” என்று கேட்டு, பதில்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகுதான் கார்த் திறப்பைக் கையில் எடுப்பார்.

என் பெரியப்பா செத்த அன்று வேலணையில் இருக்கும் சொந்தக்காரருக்கு இழவு சொல்வதற்காக அவரைக் கூப்பிட்டார்கள். அவர் காரைப் படலையில் நிறுத்திவிட்டு நேரே வீட்டுக்குள் வந்தார். கிடத்தியிருந்த பெரியப்பாவின் கால்மாட்டில் நின்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். பிறகு, “சரி, சொல்லப் போறவை ஏறுங்கோ” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

“செத்துக் கிடக்கிறவனைக்கூட நம்பமாட்டான், பாழ்படுவான்” என்று அம்மா பல்லைக் கடித்தா.

அவர் இப்படி ஆனதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒருமுறை ஒருவன், தங்கச்சிக்குப் பேறுவலி என்று சொல்லி, போர்வையால் மூடிய ஒரு பெண்ணை இவருடைய காரில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டு போனானாம். அது தங்கச்சியும் இல்லை, பேறுவலியும் இல்லை. இருவரும் துறையில் இறங்கி, போட் ஏறி, காரைநகர்ப் பக்கம் போய்விட்டார்கள். பெண்ணின் தமையன்மார் வந்து இவருடைய கார்க் கண்ணாடிகளை அடித்து நொறுக்கினார்கள். ஆனால் அப்பா இந்தக் கதையை ஒத்துக்கொள்வதில்லை. அவரும் இவரும் ஒரே பள்ளிக்கூடம். “சின்னனிலையே அவன் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்திலை குடுக்கிற பணிசைப் பிச்சு, உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பாத்துப்போட்டுத்தான் தின்னுவான்” என்பார்.

காரை எங்கே நிறுத்தினாலும் எஞ்சினை மூடும் முன்மூடியின் இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டுத்தான் அப்பால் போவார். திரும்பி வந்ததும் முதலில் தீக்குச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். போன வழியால் திரும்பி வரமாட்டார். எங்கள் தீவில் இருப்பதே இரண்டு மூன்று தெருதான். அதற்குள்ளும் ஏதாவது ஒழுங்கைக்குள்ளால் விட்டுச் சுற்றி, ஆட்களின் வேலிகளில் காரை உரசிக்கொண்டாவது வேறு வழியால்தான் வருவார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அவருடைய கண்ணாடிகளில்தான். காருக்குள் இருந்த கண்ணாடி பின்னால் வரும் வாகனத்தைப் பார்ப்பதற்கானது. அவர் அதைப் பின்சீற்றில் இருப்பவர்களின் முகம் தெரியும்படி திருப்பி வைத்திருந்தார். அது போதாதென்று தன் பக்கக் கதவில் ஒரு பழைய லொறியின் பெரிய கண்ணாடியைப் பூட்டி, காருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் தெரியும்படி அதையும் திருப்பியிருந்தார். தெருவை எப்போது பார்த்தாரோ தெரியாது. பின்சீற்றில் இருந்து தலையை நிமிர்த்தினால் அவருடைய கண் நம்மேல் இருக்கும். சின்ன வயதில் இரண்டு மூன்று தடவைதான் அந்தக் காரில் ஏறியிருக்கிறேன். ஏறினால் இறங்கும்வரை என் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் என் மனுசனோடு ஒரு நாள் முழுவதும் அந்தக் காரில் போனேன்.

அது தொண்ணூறாம் ஆண்டு வைகாசி. இந்திய ஆமி போய்விட்டது. அடுத்த சண்டை தொடங்கவில்லை. இனி ஒன்றும் வராது என்று சனம் நினைத்துக்கொண்டிருந்த காலம். எனக்குக் கலியாணமாகிப் பத்து நாள். என் மனுசன் சரவணையைச் சேர்ந்தவர் என்றாலும் பிறந்து வளர்ந்தது மாத்தறையில், தகப்பனுடைய கடையில். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்த பிறகு கொழும்பில் மாமனோடு இருந்து வேலை செய்தார். தகப்பனும் அங்கேயே செத்துப்போனார். கலியாணத்துக்குத்தான் ஊருக்கு வந்திருந்தார். பெரியவர்கள் பேசிச் செய்த கலியாணம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

ஒரு காலை அவர், “ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு கரையோடயே போய்ப் பார்ப்பமா? சாட்டி, புங்குடுதீவு, குறிகட்டுவான் எல்லாம்” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தப் பத்து நாளும் அவர் கேட்டதற்கெல்லாம் நான் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கார்க்கார அண்ணை வந்து படலையில் நின்றார்.

“ஏன் போறியள்?”

“சும்மா பார்க்கத்தான் அண்ணை” என்றார் என் மனுசன்.

“என்னத்தை?”

“கடலை.”

அவர் எங்கள் வீட்டின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். “கடல் அங்காலையும் கிடக்குதுதானே.”

“அது இல்லை, சுற்றிப் பார்க்க.”

“கோயிலுக்கும் இல்லை, ஆசுப்பத்திரிக்கும் இல்லை. ஒரு செத்தவீடும் இல்லை. கடல் பாக்கக் கார்.” அவர் என்னைப் பார்த்தார். “பிள்ளை, கொப்பருக்குத் தெரியுமோ?”

“ஓம்” என்றேன். அப்பாவுக்குத் தெரியும் என்று அப்பாவே வெளியே வந்து சொன்ன பிறகுதான் கார்க் கதவு திறந்தது.

அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. கலியாணம் முடிந்தால் சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போவதற்கு எங்கள் பகுதியில் ஒரு வரிசை உண்டு. யார் வீட்டுக்கு முதல், யார் வீட்டுக்குப் பிறகு என்பதில் பிழை விட்டால் பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள். சரவணையில் அவருடைய பெரியம்மா வீட்டு விருந்து அடுத்த வெள்ளிக்கிழமை. அந்த வீட்டுப் படலையைத் தாண்டித்தான் எங்கள் கார் போகவேண்டும். உள்ளே போகாமல் தாண்டிப் போவதைப் பெரியம்மா கண்டால் அவ்வளவுதான்.

சரவணை கிட்ட வந்துவிட்டது. “பெரியம்மா படலையிலை நிண்டாலும் நிற்பா” என்றேன். காரில் ஏறிய பிறகு நான் முதன்முதலாக வாயைத் திறந்து சொன்னது அதுதான்.

“படுத்திரும்!” என்று சிரித்துக்கொண்டு என் மனுசன் என் தலையில் கையை வைத்து அமத்தினார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சீற்றில் சரிந்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. உயரத்தில் இருந்த சனம் காருக்குள் எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியாது. பிறகுதான் தெரியவந்தது. கண்ணாடியில் அண்ணையின் கண்மட்டும் எனக்குத் தெரிந்தது. அது சிரிக்கவில்லை.

சாட்டியில் இறங்கினோம். வெள்ளை மணல். ஆளில்லை. என் மனுசன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தார். நடக்க நடக்க முழங்காலுக்குமேல் தண்ணீர் ஏறவில்லை. “அலையே இல்லையே! மாத்தறையில இப்பிடி நடந்திருந்தா இந்நேரம் நான் இல்லை” என்று அங்கிருந்து கத்தினார். அவரிடம் ஒரு கமரா இருந்தது. அதற்கு யாழ்ப்பாணத்தில் கறுப்பு வெள்ளைப் பிலிம் வாங்கிப் போட்டிருந்தார். அங்கே நாலைந்து படம் எடுத்தார். என்னை எடுக்கப்போகிறாரோ என்று நான் திரும்பி நின்றேன். “இல்லை இல்லை, நான் கடலைத்தான் எடுக்கிறன்” என்றார்.

அண்ணை காரைவிட்டு இறங்கவில்லை. நான் காரடிக்கு வந்ததும் மெல்லிய குரலில், “இவர் எத்தினை தரம் இஞ்சாலை வந்தவர்?” என்று கேட்டார்.

“சின்னனிலை ஒருக்கா. வேறை வரேல்லையாம்.”

“ம்” என்றார்.

புங்குடுதீவுக்குப் போகும் பாலம் என்பது கடலின் நடுவால் போகும் நீண்ட தெருதான். இரண்டு பக்கமும் தண்ணீர். என் மனுசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தார். “இது எத்தனை அடி ஆழம் இருக்கும் அண்ணை? பெரிய போட் வருமா இதுக்குள்ள?” என்று கேட்டார். “ஏன் கேக்கிறீர்?” என்றார் அண்ணை. “சும்மாதான்” என்றார் இவர். அந்தச் ‘சும்மா’ அன்று எத்தனை தரம் வந்ததோ தெரியாது. ஒவ்வொரு தரமும் கண்ணாடியில் அந்தக் கண் கொஞ்சம் சிறுத்தது.

குறிகட்டுவானுக்குப் போகிறவர்கள் நயினாதீவு அம்மனிடம் போக வள்ளம் ஏறுவார்கள். நாங்கள் ஏறவில்லை. என் மனுசன் துறைக்குப் போகாமல், அதற்குக் கொஞ்சம் முன்னால், “இடப்பக்கம் ஒரு ஒழுங்கை இருக்கு, அதுக்குள்ள விடுங்க” என்றார். அண்ணை காரை நிறுத்தியே விட்டார்.

“இந்த ஒழுங்கை உமக்கு எப்பிடித் தெரியும்?”

“அப்பா சொல்லியிருக்கார். அங்க ஒரு சின்ன இறங்குதுறை இருக்கு. அப்பா தன் சின்ன வயசில அங்கதான் தோணியில வந்து இறங்கினவராம்.”

அண்ணை திரும்பி என்னைத்தான் பார்த்தார், அவரை அல்ல. ‘ஒரேயொருக்கா வந்தவர் என்று சொன்னீரே’ என்று அந்தப் பார்வை கேட்டது. நான் மடியைப் பார்த்தேன்.

அந்தத் துறை அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. உடைந்த கல்லும் இரண்டு கட்டையும். அவர் இறங்கி அங்குமிங்கும் நடந்தார், கால் அடியால் அளந்தார், குனிந்து தண்ணீரைப் பார்த்தார், படம் எடுத்தார். நான் காருக்குள் இருந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாளாக என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் ஆள். இவர் கொழும்பில் என்ன வேலை செய்கிறார்? கடையில் கணக்கு என்றார்கள். எந்தக் கடை? நான் கேட்டதில்லை. ஏன் கோயிலுக்குப் போகாமல் ஆளில்லாத துறையைப் படம் எடுக்கிறார்? அந்தக் காலத்தில் இப்படி ஒரு கேள்வி ஒரு மனுசனைப் பற்றி எழும்பினால் அவருடைய உயிருக்கே ஆபத்து. எத்தனையோ பேரை, உளவு பார்க்கிறவன் என்று சொல்லி, இயக்கப் பெடியள் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கேள்வி எனக்குள்ளேயே எழும்பியது.

அவர் காரடிக்கு வந்து, “கொஞ்சம் இறங்கி நில்லும்” என்றார். நான் இறங்கிப் பின்கதவோடு சாய்ந்து நின்றேன். அவர் காரைப் பின்னால் இருந்து ஒரு படம் எடுத்தார். பிறகு முன்பக்கம் போய், “அண்ணை, நீங்களும் ஒரு படம்” என்று சொல்லிக்கொண்டே அவரையும் எடுத்துவிட்டார். அண்ணை கையை முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. அவருடைய முகம் கறுத்தது.

திரும்பி வரும்போது வேறு வழி இல்லை. பாலம் ஒன்றுதான். போன வழியாலேயே திரும்புவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை அவர் கார் ஓட்டிய விதத்தில் கண்டேன். பாலத்தின் நடுவில் வந்ததும் காரை ஓரம் கட்டி நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

“தம்பி, அந்தப் பிலிமைக் கழட்டித் தாரும்.”

“ஏன் அண்ணை?”

“தாரும் எண்டால் தாரும்.”

“உங்கட படத்துக்காகவா? அதை நான் கழுவாம விடுறன். பிலிமை ஏன் தரணும்?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கமராவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அண்ணை காரை எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் கடல். காற்று மட்டும் கதவிடுக்கால் ஊதியது. கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார். நானும் அன்று முதன்முதலாகத் தலையைக் குனியாமல் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன்.

“குடுங்கோ” என்றேன்.

என் மனுசன் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பத்து நாளில் நான் அவருக்குச் சொன்ன முதல் கட்டளை அது. அவர் பிலிமைச் சுற்றிக் கழற்றி, சின்னக் கறுத்த டப்பாவுக்குள் போட்டு நீட்டினார். அண்ணை அதை வாங்கி, ஆசனத்தின் தையல் விட்ட ஓட்டைக்குள் விரலைவிட்டுத் தள்ளினார். கார் புறப்பட்டது.

பாலத்தின் வேலணைப் பக்க முனையில் ஒரு சென்றி, ஆட்களை மறித்துச் சோதிக்கிற காவலிடம். காலையில் அங்கே யாரும் நிற்கவில்லை. இப்போது இரண்டு சைக்கிள் நின்றன, துவக்கோடு ஒரு இயக்கப் பெடியன் நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். கையைக் காட்டி மறித்தான். முதலில் அவன் பார்த்தது பின்சீற்றில் இருந்த என்னை.

“காலமை பஸ்ஸிலை போன சனம் சொன்னது. ஒரு பெம்பிளையைத் தலையிலை அமத்திக் கிடத்திக்கொண்டு ஒரு கார் போனதெண்டு. அது இந்தக் காரோ?”

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. பெரியம்மாவுக்கு ஒளித்ததை இந்த ஊர் எப்படிப் பார்த்திருக்கிறது என்று.

“இல்லை தம்பி, அது சும்மா…” என்று என் மனுசன் தொடங்கினார்.

“நீர் ஆர்? இந்த அக்காவின்ரை மனுசனோ?”

“ஆமா.”

எங்கள் பக்கத்தில் ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள். பெடியன் குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்தான். “ஆமாவோ? எந்த ஊர் நீர்? இறங்கும் வெளியாலை.”

அவர் இறங்கினார். கமரா அவருடைய தோளில் தொங்கியது. பெடியன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “என்ன படம் எடுத்தனீர்? பாலமோ? துறையோ?” பிறகு என்னிடம், “அக்கா, பயப்பிடாமல் சொல்லுங்கோ. இவரை உங்களுக்குத் தெரியுமோ?” என்று கேட்டான்.

எனக்கு ‘ஓம்’ என்ற ஒரு சொல் வாயில் வரவேண்டும். வரவில்லை. பயத்தால் மட்டும் என்று சொன்னால் பொய். அவன் கேட்ட கேள்வியைத்தான் நானும் அந்த மத்தியானம் முழுவதும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினேன்.

“தாலி ஆரும் கட்டலாம்” என்றான் அவன்.

அப்போது அண்ணை கதவைத் திறந்து இறங்கினார். வழக்கம்போல முன்மூடியில் ஒரு தீக்குச்சியைச் செருகினார். பிறகு அவசரப்படாமல் வந்தார்.

“தம்பி, இது என்ரை கூடப்பிறந்தவளின்ரை மோள். இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்ததே நான்தான். சரவணையாக்கள். இவரின்ரை அப்பப்பாவை எனக்குத் தெரியும், தகப்பனைத் தெரியும். இவரைத் தொட்டில்லை கிடக்கேக்கை பாத்தனான். விருந்துக்குப் போகாமல் ஊர் சுத்திறதைப் பெரியம்மா காணக்கூடாதெண்டு பிள்ளை சரிஞ்சு படுத்தது. வேணுமெண்டால் சரவணைக்குப் போய்க் கேளும். ஆனா பெரியம்மாவிட்டைக் கேக்காதையும். என்ரை தலைதான் உருளும்.”

பெடியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கமரா?” என்றான்.

“துறந்து பாரும். பிலிம் வாங்கக் காசில்லாமல் ஸ்ரைலுக்குத் தோளிலை கொழுவிக்கொண்டு திரியிறார்.”

அவன் திறந்து பார்த்தான். வெறுமையாக இருந்தது. திருப்பிக் கொடுத்தான். “போங்கோ” என்றான்.

வேலணைச் சந்தியைத் தாண்டினோம். பெரியம்மா கதையும் ஊரின் பெயரும் தவிர அவர் சொன்னதெல்லாம் பொய். எங்களுக்கு அவர் ஒரு சொந்தமும் இல்லை. என் மனுசனை அவர் அன்று காலையில்தான் முதன்முதலாகக் கிட்டப் பார்த்தார். ஒருவரையும் நம்பாத மனிதர் முன்பின் தெரியாத ஒருவருக்காக அப்படிச் சாட்சி சொன்னது எனக்கு விளங்கவில்லை.

“அண்ணை, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். “உம்மடை மனுசன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. அந்தப் பெடியன் ஆரெண்டும் எனக்குத் தெரியாது. தெரியாத ஒராளைக் கொண்டுபோய்த் தெரியாத இன்னொராளிட்டைக் குடுக்கேலுமே?”

வீட்டுப் படலையில் இறங்கும்போது என் மனுசன் பிலிமைக் கேட்டார்.

“விசாரிச்சுப்போட்டுத் தாறன்” என்றார் அண்ணை.

“யாரை?”

“உம்மைத்தான்.”

அன்று பின்னேரம் என் மனுசன் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து, “நல்லவேளை, நீர் குடுக்கச் சொன்னீர். இல்லாட்டி இன்றைக்கு நான் எங்க இருப்பனோ தெரியாது. உமக்கு எப்பிடித் தெரிஞ்சது, அங்க மறிப்பாங்கள் எண்டு?” என்று கேட்டார். அவருடைய குரலில் பெருமை இருந்தது. கெட்டிக்காரியைக் கட்டியிருக்கிறோம் என்ற பெருமை.

“சும்மா சொன்னனான்” என்றேன்.

வெள்ளிக்கிழமை விருந்து முடிந்தது. அவர் கொழும்புக்கு வேலைக்குப் போனார். ஒரு மாதத்தில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். இரண்டு கிழமைக்குள் சண்டை தொடங்கிப் பாதை அடைபட்டது. ஆவணியில் தீவை விட்டு எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கம் ஓடினோம். நானும் அம்மாவும் அப்பாவும் மானிப்பாயில் ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்அறையில் இருந்தோம். அவரிடமிருந்து கடிதம் மூன்று நாலு மாதத்துக்கு ஒன்று வந்தது. ஒருமுறை எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. அந்த எட்டு மாதமும் பகலில் அம்மாவோடு சேர்ந்து கும்பிட்டேன். தனியாக இருக்கும்போது அந்த உடைந்த துறையை நினைத்தேன். கடையில் கணக்கு. எந்தக் கடை?

அந்த எட்டு மாதம் முடிவதற்குள் ஒரு நாள் காலையில் கார்க்கார அண்ணை சைக்கிளில் வந்தார். கார் தீவிலேயே கிடந்துவிட்டதாம். முன்மூடியில் தீக்குச்சி செருகிவிட்டுத்தான் வந்தாராம். மெலிந்துபோயிருந்தார். “உள்ளை வாங்கோ அண்ணை” என்று கூப்பிட்டேன். வரவில்லை. சைக்கிளின் பக்கத்தில் நின்றபடியே சட்டைக்குள் இருந்து ஒரு கடித உறையை எடுத்தார்.

“சண்டை துவங்க முதல் கழுவிப் பாத்துப்போட்டன். ஸ்ரூடியோக்காரன் தனக்கும் ஒரு பிரதி எடுத்தாலும் எடுப்பானெண்டு இருட்டறைக்குள்ளை நானும் நிண்டனான்.”

“எங்களை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

“விசாரிச்சுத்தான்.” உறையை நீட்டினார். “உம்மடை மனுசனைப் பற்றியும் முடிஞ்சுது. சரவணையாக்கள் இப்ப சண்டிலிப்பாயிலை இருக்கினம். ரண்டு பேரிட்டைத் தனித்தனியாக் கேட்டனான். கொழும்பிலை அவரோடை வேலை செய்த ஒராளையும் கண்டனான். பிழையில்லாத மனுசன். அந்தத் துறையைப் பற்றித் தகப்பன் சாகுமட்டும் கதைச்சவராம்.”

எனக்கு அழுகை வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் போகவில்லை. சைக்கிள் மணியை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை, பிள்ளை. பாலத்திலை நான் பிலிமைக் கேட்டது, சென்றியிலை புதுசா ரண்டு சைக்கிள் நிண்டதைத் தூரத்திலை கண்டு. நீர் பின்சீற்றிலை இருந்தனீர். உமக்கு அது தெரிஞ்சிருக்க ஞாயமில்லை. நீர் ஏன் குடுக்கச் சொன்னனீர்?”

இவ்வளவு தூரம் அவர் சைக்கிள் மிதித்து வந்தது உறையைத் தருவதற்கு மட்டும் இல்லை என்று அப்போது விளங்கியது. நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். பிறகு, “சரி” என்றார். செத்துக் கிடந்த பெரியப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்ன அதே ‘சரி’. வந்த பக்கம் போகாமல் மற்றப் பக்கத்து ஒழுங்கைக்குள்ளால் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. எங்கே போனார், இருக்கிறாரா இல்லையா என்று சொல்லத் தெரிந்த ஒருவரும் எனக்கு அகப்படவில்லை.

உறைக்குள் பத்துப் படம் இருந்தது. கடலைத்தான் எடுக்கிறேன் என்று என் மனுசன் சொன்ன படங்கள். ஏழில் நான் இருந்தேன், அநேகமாக முதுகுப்பக்கம். கேட்டு எடுக்க அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கிறது. இரண்டு படத்தில் கடல், சரிந்துபோய். அந்தத் துறையில் அவர் அவ்வளவு அளந்து, குனிந்து எடுத்த படத்தில் துறை இல்லை. கட்டையில் கட்டியிருந்த ஒரு ஆடு. அந்த ஆட்டைப் பார்த்துச் சிரித்தேன். அந்த அறையில் அம்மா பக்கத்தில் இருந்தபடியால் அழவில்லை.

நெகற்றிவ் சுருளில் ஒரு கட்டம் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அண்ணையின் படம். அதை யார் கையிலும் விட்டுவைக்க அவர் விரும்பவில்லை. அதனால்தான் அவருடைய முகத்தை எழுத்திலாவது பிடிக்கலாமா என்று பார்க்கிறேன். அதுவும் சரியாக வருவதாயில்லை.

அவர் வந்துபோன அடுத்த மாதம் கடிதம் வந்தது. பிறகு பாதை ஒன்று திறந்து நான் கொழும்புக்குப் போனேன். என் மனுசனோடு இத்தனை வருடமும் வாழ்ந்துவிட்டேன். பாலத்தில் நான் ‘குடுங்கோ’ என்று சொன்ன கதையை அவர் இப்போதும் வருகிறவர்களுக்குப் பெருமையாகச் சொல்வார். நான் குசினிக்குள் எழும்பிப் போய்விடுவேன். அன்று ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நேரே சொல்ல என்னால் ஏலவில்லை. இதை அவர் வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அவர் கதையைச் சொல்லும்போது அந்தப் படங்களையும் எடுத்துக் காட்டுவார். அதில் ஒன்று, நான் பின்கதவோடு சாய்ந்து நிற்பது. பின்னால் ஒரு பக்கமாக நின்று எடுத்தபடியால் காரின் நீளம் முழுவதும் தெரிகிறது. பார்க்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள், எவ்வளவு மெல்லியதாய் இருந்திருக்கிறீர்கள் என்பார்கள். முன்கதவில் அந்த லொறிக் கண்ணாடி இருக்கிறது. இவ்வளவு கவனமான மனிதர் அதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார். அதற்குள் நகத்தளவில் ஒரு கண். அது என் மனுசனைப் பார்க்கவில்லை. அன்று அவரையே பார்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்க்கிறது.